சின்ன ர, பெரிய ற

ஜனவரி 9

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ஐந்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு எடுத்த எடுப்பில் அந்தச் சொல்லைப் போடக் கூச்சமாக இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

கோளாறு வேலையில்தான். அதே அச்சகத்தில்தான் இன்னும் பிழை திருத்துகிறேன். ஆனால் ஆறு மாதமாக ஒரு பக்கத்தையும் கையை விட்டு அனுப்ப முடியவில்லை. இரண்டு தடவை படித்து, இனிஷியல் போட்டு, கீழே இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டிய பக்கத்தை எட்டுத் தடவை படிக்கிறேன். எங்கேயோ ஒரு பிழை ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. போன மாதம் ஒரு மருந்து அட்டைக் குறிப்பு, மொத்தமே நாற்பது சொல், மூன்று நாள் என் மேசையில் கிடந்தது. மேலாளர் நல்ல மனிதர். "யாரையாவது போய்ப் பாரும்மா. ஜூன் வரைக்கும் நான் சமாளிக்கிறேன். அதுக்கப்புறம் உன் நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

ஆகவே ஒரு டாக்டரம்மாவிடம் போகிறேன். உளப்பகுப்பாய்வு என்று பெயர். முதல் மூன்று தடவை எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். வாரம் மூன்று நாள், அதே கிழமை, அதே நேரம், ஐம்பது நிமிடம். நாலாவது தடவையிலிருந்து நீளமான சோபாவில் படுத்துக்கொண்டு பேச வேண்டும். அவர் என் தலைமாட்டுக்குப் பின்னால், என் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார். எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். "தெரியாது. சேர்ந்து பார்க்கலாம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு நிதானமாகச் சொன்ன டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

ஒரே ஒரு விதி. "மனசுல என்ன வருதோ அதை அப்படியே சொல்லுங்க. அசிங்கமா இருந்தாலும், அபத்தமா இருந்தாலும், என்னைத் திட்டுறதா இருந்தாலும் சரி. திருத்திட்டுச் சொல்லாதீங்க." என்னைப் பார்த்து, அண்ணா! திருத்தாதே என்று என்னைப் பார்த்து! சின்ன வயதில் கடைப் பலகையைக்கூட விடாமல் பிழை பிடிப்பேன் என்றுதானே நீ எனக்குத் 'திருத்தி' என்று பெயர் வைத்தாய்?

படுத்த முதல் நாள், இருபது நிமிடம் கூரையைப் பார்த்தேன். பிறகு வாயில் வந்த முதல் வார்த்தை "சிவப்பு மை". அதன் பின்னாலேயே உன் கடிதம் வந்து நின்றது. அம்மா இறந்ததைச் சொல்லி நீ எழுதிய கடிதம். அதைப் பிழை திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன். வரவும் இல்லை, ஒரு வார்த்தை எழுதவும் இல்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் நான் அதை ஒரு தடவை பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும் தகுதி வந்ததும் கேட்கிறேன்.

திருத்தி


ஜனவரி 27

திருத்திக்கு,

இதை எழுதுவது உன் அண்ணி. சொல்வது நான். அந்தக் கடிதம் திரும்பி வந்த நாளிலிருந்து நான் பேனாவைத் தொடுவதில்லை. லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு எழுத வேண்டிய அறிக்கையைக்கூடக் கூட வேலை செய்கிறவரிடம் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். எனவே இதில் பிழை இருந்தால் அண்ணியைத் திட்டு. (திட்டித்தான் பாரேன். – அண்ணி)

அம்மா போனபோது நீ வருவாய் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் புது நம்பர் எங்களிடம் இல்லை. அச்சக முகவரி ஒன்றுதான் இருந்தது. வந்தது நீ இல்லை, என் கடிதமேதான். பன்னிரண்டு இடத்தில் சிவப்பு. ஓரத்தில் உன் இனிஷியல், தேதி. பரீட்சையில் பெயிலான பையன் மாதிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கடிதம் இருக்கிறது. என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், கிரீஸ் படாமல், பிளாஸ்டிக் உறைக்குள். தர மாட்டேன்.

டாக்டர் விஷயம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேசுவதற்கு ஒரு டாக்டரா? அதுவும் முகத்தைக் காட்டாமல்? மாத்திரை தருவாளா மாட்டாளா? நீ பாட்டுக்குத் தூங்கிப்போனால் என்ன செய்வாள்? அவள் பின்னால் உட்கார்ந்து தூங்கினால் உனக்கு எப்படித் தெரியும்? (இதையெல்லாம் கிண்டலாகச் சொல்கிறார். ஆனால் உன் கடிதத்தை நாலு தடவை படித்தார். – அண்ணி)

நாலு தடவை படித்தது பிழை கண்டுபிடிக்க. ஒன்றும் கிடைக்கவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

தர மாட்டேன் என்றாலும் பதில் போட்டாயே, அதுவே எனக்குப் பெரிது. உறைக்குள் வைத்திருக்கிறாய் என்பதை டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மாத்திரை கிடையாது. தூங்கிப்போனேன், ஒரு நாள், பத்து நிமிடம். எழுந்து வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். "தூங்கறதுக்கு முன்னாடி என்ன பேசிட்டு இருந்தீங்க?" என்றார். அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தூங்குவதில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் மூன்று வாரம் முன்பு நான் போகிற போக்கில் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை, அம்மாவின் பச்சைச் சீப்பு பற்றி, எடுத்து என் முன்னால் வைத்தார். நானே மறந்துபோயிருந்தேன். என் பேச்சை இவ்வளவு கவனமாக ஒருவர் படிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. இத்தனைக்கும் நான் இதே வேலையைக் காகிதத்தில் செய்கிறவள்.

முகம் தெரியாமல் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. தெரிந்தால் நான் அவர் புருவத்தையே படித்துக்கொண்டிருப்பேன், சரியா தப்பா என்று. ஆனால் சுலபம் என்று நினைக்காதே. முதலில் எல்லாம் இன்னும் மோசமானது. பஸ்ஸில் அழுகை வருகிறது. கனவுகள் வரிசை கட்டி வருகின்றன. சில நாள் அவர் வாயே திறக்க மாட்டார், கல்லுளிமங்கி! அந்த நாட்களில் எனக்கு அவர் மேல் வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதையும் அவரிடமே சொல்ல வேண்டுமாம். சொன்னேன். கோபித்துக்கொள்ளவே இல்லை, இன்னும் சொல்லுங்க என்கிறார்.

உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று ஒன்று சொல்கிறேன். அவர் கதவில் பெயர்ப்பலகை. 'உளப்பகுப்பாய்வளர்.' ஆய்வாளரில் கால் விட்டுப்போயிருக்கிறது! வாரம் மூன்று தடவை அந்தக் கால் இல்லாத பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். என்னைச் சோதிக்க வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்றுகூட நினைத்தேன். ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சொன்னேன். "அப்படியா?" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். பிறகு, "இதை என்கிட்ட சொல்ல அஞ்சு வாரம் ஆச்சா?" என்றார். அன்று முழுக்க அதைத்தான் பேசினோம். தப்பு கண்டுபிடித்தால்தான் எனக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரிகிறது, சொல்லிவிட்டால் அந்த இடம் போய்விடுமோ என்று பயம், இப்படி எங்கெங்கோ போனது. பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. நேற்று உன் கடிதத்தின் முதல் வரியைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அம்மா இரந்துவிட்டாள் என்று எழுதியிருந்தான், நான் திருத்தினேன்" என்றேன். "இதுல என்ன பிழை?" என்று கேட்டார். காதுக்கு இரண்டும் ஒன்றுதானே? விளக்கினேன். பெரிய ற போட்டால் செத்துப்போனாள். இவன் சின்ன ர போட்டிருந்தான், அது கெஞ்சிக் கேட்டாள் என்று ஆகிவிடும் என்றேன்.  அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார்கிட்ட?"

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அண்ணா, எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. சரியாக இருந்ததைத் தப்பாகத் திருத்திவிட்டால், அந்தச் சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். திருத்தத்தை விட்டுவிடு, இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். பதினாறு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அந்தப் புள்ளிகளை வைத்ததில்லை. நேற்றிலிருந்து அதுதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

திருத்தி


மார்ச் 12

திருத்திக்கு,

இதுவும் அண்ணியின் கைதான்.

உன் டாக்டரம்மாவைப் பற்றி நான் கிண்டல் செய்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண். கதவைப் போட்டு அறைந்துகொண்டிருந்தாள். அந்த மாதிரி நேரத்தில் நான் கடப்பாரையை எடுப்பதில்லை. உள்ளே இருப்பவர் பதற்றத்தில் வெளியே குதித்தால் இடுக்கில் விழுந்துவிடுவார். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "நான் இங்கதான் இருக்கேன்மா, போகமாட்டேன், நீங்க பேசுங்க" என்பேன். அவளுக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவள் முகம் தெரியாது. முப்பத்தைந்து நிமிடம் பேசினாள். என்னென்னவோ சொன்னாள், யாரிடமும் சொல்லாததெல்லாம். வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டுக்கொண்டு போய்விட்டாள். அப்போதுதான் உன் சோபா ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக நானும் அரைகுறையாக அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஆனால் உன் டாக்டரம்மா வாரம் மூன்று நாள் விடாமல் உட்காருகிறாள் பார், அது சாதாரண ஆள் செய்கிற காரியம் இல்லை. நீ போய்ப் படுக்கிறாயே, அதுவும்தான்.

அந்தப் பலகையைத் தொடாதே. அழகாக இருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு

(இங்கே நிறுத்திவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்து, "அப்படியே அனுப்பிடு" என்கிறார். என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அது அவர் சொல்ல வேண்டியது, நான் சொல்லக்கூடாது. கொஞ்சம் பொறு. – அண்ணி)


ஏப்ரல் 7

அண்ணனுக்கு,

உன்னை அவசரப்படுத்தவில்லை. என் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டரம்மாவுக்கு இரண்டு வாரம் விடுமுறை. ஒரு மாதம் முன்பே தேதியோடு சொல்லிவிட்டார். "ஓ, சரி" என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன். அடுத்த மூன்று தடவையும் தாமதமாகப் போனேன், பஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு. அவர்தான், "நான் போறதுக்கு முன்னாடி நீங்க போயிட்டு இருக்கீங்களோ?" என்றார். சட்டென்று அம்மாவோடு போட்ட அந்தச் சண்டை வந்து நின்றது. ஏழு வருடம் முன்பு உள்ளூர் வேலையை விட்டு இந்த அச்சகத்துக்காக நான் பெட்டி கட்டிய அன்று, "போனா போனதுதான்" என்று அம்மா சொன்னாளே, அது. நான் அதை அச்சில் ஏறிய சொல்லாக எடுத்துக்கொண்டேன். வாயில் வந்த சொல்லுக்கும் அச்சில் வந்த சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவளாக இருந்திருக்கிறேன், அண்ணா. அம்மா போகும்வரை இரண்டு வருடம் உங்களுக்கு நம்பர்கூடத் தரவில்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் கடைசியாக இதைச் சொன்னேன். உன் கடிதம் வந்த அன்று என் மேசையில் ஒரு பாடநூலின் பக்கங்கள். கையில் சிவப்புப் பேனா ஏற்கெனவே இருந்தது. உறையைப் பிரித்தேன். 'அம்மா இரந்துவிட்டாள்.' கண் அந்தச் சின்ன ரவில் போய் நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. வட்டம் போட்டேன். ஓரத்தில் பெரிய ற எழுதினேன். அதன்பிறகு நிறுத்தத் தெரியாமல் கீழே வரை திருத்திக்கொண்டே போனேன். இனிஷியல் போட்டேன். உறையில் போட்டு அனுப்பிவிட்டுப் பாடநூலுக்குத் திரும்பினேன்.

உன் கடிதத்தில் அம்மா சாகவில்லை. கெஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். சாகடித்த எழுத்து என் கையெழுத்தில் இருக்கிறது. எட்டுத் தடவை ஒரு பக்கத்தைப் படிக்கிறேனே, நான் தேடுகிற பிழை இதுதான். கையை விட்டு அனுப்பினால் யாரோ செத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறேன்.

டாக்டரம்மா "அழாதீங்க" என்று சொல்லவில்லை. "உங்க மேல தப்பில்ல" என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்த அறையில் நான் சொன்னது எங்கேயும் ஓடாமல் நிற்க இடம் கொடுத்தார், அவ்வளவுதான். நேரம் முடிந்தது. நான் எழுந்தபோது, "இருபத்தியொண்ணாம் தேதி நான் இங்க இருப்பேன்" என்றார். ஒவ்வொரு நாளும் அந்தத் தேதியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

திருத்தி


ஏப்ரல் 25

திருத்திக்கு,

இது என் கை. அண்ணி அடுத்த அறையில் இருக்கிறாள். பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். பிழை இருக்கும். இருக்கட்டும்.

உன்மையைச் சொல்கிறேன். உன் டாக்டரம்மா கேட்டது சரியான கேள்வி. அம்மா என்னிடம்தான் கெஞ்சினாள்.

கடைசிப் பத்து நாள். காலையில் டீ கொண்டுபோனால் கப்பை வாங்க மாட்டாள். என் கையைப் பிடித்துக்கொள்வாள். "ஒரே ஒரு வரி எழுதுடா. அவளை வரச் சொல்லுடா. நான் ஏதோ கோவத்துல சொன்னேன், அவ அதை அச்சடிச்சு வச்சுக்கிட்டா. உன் கால்ல வேணாலும் விழறேன்" என்பாள். நான் அவள் கன்னைப் பார்க்காமல், "எழுதறேம்மா" என்பேன். தினமும் சொன்னேன். எழுதவில்லை.

ஏன் என்று கேட்பாய். குளிப்பாட்டியது அண்ணி. தூக்கி உட்கார வைத்தது நான். பக்கத்தில் இருந்த எங்களை விட்டுவிட்டு அவள் கேட்டது உன்னை. என்னால் அதைப் பொருக்க முடியவில்லை. தபால் பெட்டி நம் தெரு முனையில்தான் இருக்கிறது. பத்து நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். பதினோராம் நாள் எழுதினேன். அப்போது எழுத வேறு செய்தி வந்துவிட்டது.

என் கடிதம் திரும்பி வந்தபோது மற்ற பதினோரு திருத்தமும் எனக்குப் பெரிதாகவே படவில்லை. அந்த ஒரு வட்டத்தைத்தான் பார்த்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டுதான் வட்டம் போட்டிருக்கிறாய், தெரிந்ததனால்தான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்று நினைத்தேன். ஐந்து வருடம் உன்மேல் கோபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோபம் இல்லை. பயம்.

நீ யாரையும் சாகடிக்கவில்லை. பேனா பிடித்தவள் நீ. எழுதாமல் இருந்தவன் நான். நீ படுத்துக்கொண்டு மூன்று மாதத்தில் சொன்னதை, உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களிலேயே தைரியசாலி நீதான்.

பழைய கடிதத்தையும் இதோடு அணுப்புகிறேன். கருவிப் பெட்டி லேசாகிவிட்டது.

என்னை மண்ணித்துவிடு.

அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

உடனே பதில் போடாததற்குக் காரணம், உன்மேல் வந்த கோபத்தில் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பத்து நாள்! ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் வந்திருப்பேனே, அம்மா முகத்தைப் பார்த்திருப்பேனே! டாக்டரம்மா அறையில் படுத்துக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். அவர் தடுக்கவில்லை. 'அண்ணன் பாவம்' என்று உனக்காகப் பரிந்து பேசவும் இல்லை. நாலாவது நாள் திட்டெல்லாம் தீர்ந்துபோய், அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது மட்டும் மிச்சமாக நின்றது. அப்போது அழுதேன். அம்மாவுக்காக நான் அழுதது அன்றுதான் முதல் தடவை. என்னை அவள் கேட்டாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், அண்ணா. நீ அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. பேனாவைத் தொடாத ஆள், பேனாவை எடுத்து, உன்னையே காட்டிக்கொடுத்து, அதை எனக்குத் தந்திருக்கிறாய். அதை நினைத்தால் கோபத்துக்கு நடுவிலும் உன்னை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலை பரவாயில்லை. நேற்று ஒரு நூலை இரண்டே வாசிப்பில் அனுப்பினேன். மூன்றாவது தடவை புரட்டப் போன கையை இழுத்துக்கொண்டு இனிஷியல் போட்டேன். மேலாளர் என் நாற்காலி முதுகை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார். டாக்டரம்மாவிடம் போவதை நிறுத்தவில்லை. எத்தனை மாதம் என்று கேட்பதைத்தான் நிறுத்திவிட்டேன்.

பழைய கடிதத்தை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். மூன்றாவது வரியைப் பார்த்தாயா? 'அப்பா இறந்த அதே கட்டிலில்' என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்குப் பெரிய ற சரியாக விழுந்திருக்கிறது. அந்த எழுத்து உனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வரி மேலே அம்மாவுக்கு மட்டும் உன் கை சின்ன ர போட்டிருக்கிறது. நீ மறைத்ததை உன் கை எழுதிவிட்டது. பதினாறு வருடம் பிழை திருத்திய நான் அதைப் பார்க்காமல், சரியாக இருந்ததைத் தப்பாகத் திருத்திவிட்டேன்.

எனவே கடிதத்தை மறுபடியும் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். பயப்படாமல் பிரி. 'இரந்துவிட்டாள்' என்பதன் அடியில் புள்ளிகள் வைத்திருக்கிறேன். இருந்தபடியே இருக்கட்டும்.

உன் புதுக் கடிதத்தில் ஐந்து பிழை. எண்ணாமல் இருக்க முடியவில்லை, அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மன்னிப்பில் மூன்று சுழி போட்டிருக்கிறாய். அதன் அடியிலும் புள்ளி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் டாக்டரம்மாவுக்கு மறுபடி விடுமுறை. முதல் வாரம் அங்கே வருகிறேன். அம்மா கட்டிலில்தான் படுப்பேன், அண்ணியிடம் சொல்லிவை.

வந்தா வந்ததுதான்.

திருத்தி